காத்திருப்பதற்குச் சம்பளம்

பெருமுக்கல் மலைக்குப் பட்டாளம் புதிதில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த கர்னல் அயர் கூட், புதுச்சேரியை நோக்கி வருகிற வழியில் மார்ச் மாதம் இந்த மலைக்கோட்டையைப் பிடித்தார். பிடிக்கும்போது அவருக்கே குண்டடி பட்டது. 1782-ல் ஹைதர் அலியின் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து வந்து இங்கிலீஷ்காரர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள். இன்றைக்கு மேலே ஏறினால் சிவன் கோயில், கல்வெட்டு, இடிந்த மதில் எல்லாம் இருக்கின்றன. கிழக்கே பார்த்தால் கழுவெளி. அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளம்.

ஊர்க்காரர்கள் கோயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு மட்டும் கர்னல் கூட்டுக்குப் பின்னால் ஏறிய பேர் தெரியாத சிப்பாய்கள் ஞாபகம் வரும். 1758-ல்தான் கம்பெனிக்காரர்கள் மதராஸ் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகத் திரட்ட ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் அந்த வரிசையில் வந்தது. நான் அதில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சண்டை இல்லை, ஒரு கோல்கீப்பர்.

என் தங்கை பேரன் பள்ளிக்கூட டீமில் கீப்பர். ஜான்லூயிஜி டொன்னரும்மா என்றால் அவனுக்கு உயிர். இத்தாலியில் ஏ.சி. மிலன் அணிக்காக 2015 அக்டோபர் 25 அன்று முதல் முறையாகக் கோலில் நின்றபோது டொன்னரும்மாவுக்கு வயது பதினாறு, மேலே எட்டு மாதம். இதை அவன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. ஒரு நாள், “ஏன் தாத்தா, நம்மாளுங்கள்ல இப்படிச் சின்ன வயசுலயே யாரும் கீப்பர் ஆனதில்லையா?” என்றான். “இருக்காரே, இருபது வயசுல ஒலிம்பிக் போனவர்” என்றேன். “எந்த கிளப்?” என்றான். “பட்டாளம்” என்றதும் சிரித்துவிட்டான்.

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அவன் போனில் பார்க்கிற இத்தாலியில் கீப்பர் கிளப்பில்தான் உருவாகிறான். நேப்பிள்ஸ் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்த டொன்னரும்மாவை மிலன்காரர்கள் பதினான்கு வயதிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜான்லூயிஜி புஃபோன் சிறுவனாக நடுக்களத்தில் ஆடியவர். 1990 உலகக் கோப்பையில் காமரூன் கீப்பர் தோமா என்கோனோவைப் பார்த்து மயங்கித்தான் கோலுக்கு வந்தார். பார்மா கிளப் அவரை வளர்த்து, 1995 நவம்பரில் பதினேழு வயதில் மிலனுக்கு எதிராக இறக்கிவிட்டது. அன்றைக்கு மிலனால் ஒரு கோலும் போட முடியவில்லை. அவர் ஓய்வுபெற்றது 2023-ல், நாற்பத்தைந்து வயதில். இந்த இரண்டு பேருக்கும் முன்னோடியான டினோ சோஃப் கதை வேறு மாதிரி. பதினான்கு வயதில் யுவெண்டஸும் இண்டரும் ஆள் குள்ளம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. அவர் வளர்ந்து, காத்திருந்து, 1982-ல் நாற்பது வயதில் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார்.

ஃபார்வர்டுக்குப் பதினெட்டு வயதில் கால் வேகம் இருந்தால் போதும். கீப்பர் பழுக்க நாளாகும். பந்து எங்கே வரும் என்பது கண்ணுக்கும் உடம்புக்கும் பழகுவதற்குள் இருபத்தாறு, இருபத்தேழு ஆகிவிடும். அதுவும் பதினோரு பேரில் ஒரே ஒருத்தனுக்குத்தான் அந்த இடம். இரண்டாவது கீப்பர் வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அத்தனை காலமும் அவனுக்கு யார் சோறு போடுவது? இத்தாலியில் கிளப் போட்டது. நம் பக்கத்தில் போட்டது யார் என்பதுதான் கீப்பர்களின் பழைய சரித்திரம்.

உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி சீக்கிரம் புரியும். என் அப்பா மரக்காணத்தில் உப்பு வாரியவர். தை, மாசியில் பாத்தி கட்டினால் புரட்டாசி வரைக்கும் வேலை. ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் தண்ணீர். வேலை கிடையாது, கூலியும் கிடையாது. சில வருஷங்களாகத்தான் அந்த மழை மாதங்களுக்கு அரசாங்கம் குடும்பத்துக்கு ரூ.5,000 கொடுக்கிறது. எங்கள் காலத்தில் மழைக்குக் காத்திருக்கிறவனுக்குக் கடன்தான் கிடைத்தது. கோடையில் கழுவெளி வற்றியதும் நாங்கள் அதன் தரையில் பந்து விளையாடுவோம். நான் உயரம் என்பதால் கோலில் நிறுத்திவிட்டார்கள். உப்புப் பூத்த தரையில் ஒரு தடவை பாய்ந்து விழுந்தால் முழங்கையும் இடுப்பும் சிராய்த்து, ராத்திரி முழுக்க எரியும். விளையாட்டு பிடித்திருந்தது, ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியும் என்று யாரும் சொன்னதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

நீலகிரியில், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பீட்டர் தங்கராஜ் என்ற பெயரை முதலில் கேட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ரங்ரூட்டுக்குக் காலையில் பீ.டி., அப்புறம் டிரில், சாயங்காலம் கேம்ஸ் பரேட். கேம்ஸும் பரேடுதான், வராவிட்டால் தண்டனை. குன்னூர்க் குளிரில், மூடுபனியில் ஈரமான புல்லில் பாய்ந்து விழுவது கழுவெளிக்காரனுக்குப் பஞ்சு மெத்தை. நான் கோலில் நிற்கிறதைப் பார்த்த, பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் ஒருவர், “தங்கராஜ் நின்ன இடம்டா இது, கையைத் தொங்கப் போடாதே” என்று அதட்டினார். தங்கராஜ் எவ்வளவு உயரம் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அங்குலம் கூட்டிச் சொல்வார்கள். எல்லாரும் சொன்னதைச் சேர்த்தால் கிராஸ்பார் அவர் இடுப்புக்கு வரும்.

கதை போக, கணக்கு இது. தங்கராஜ் பிறந்தது 1935 டிசம்பர் 24, ஹைதராபாத்தில். சிகந்தராபாத் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த பையன் 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். பதினெட்டு நிரம்பவில்லை. அப்போது அவர் சென்டர் ஃபார்வர்ட். கோல் போடுகிறவனாக வந்தவரை ரெஜிமென்ட்டில்தான் கோலைக் காக்கிறவனாக மாற்றினார்கள். புஃபோன் நடுக்களத்திலிருந்து பின்னால் போனதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் முன்னால் நீலகிரியில் அது நடந்திருக்கிறது. கிளப் என்றால் ஓர் ஆளை இடம் மாற்றிப் பார்க்கத் தயங்கும். ஆட்டம் தோற்றால் டிக்கெட் விற்காது. பட்டாளத்துக்கு அந்தப் பயம் இல்லை. பையன் கோலில் தேறாவிட்டாலும் சிப்பாய்தான், சம்பளம் நிற்காது, பட்டாளத்துச் சமையற்கட்டான லங்கரில் சப்பாத்தியும் நிற்காது.

தேறினார். 1955-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டர் டுராண்ட் கோப்பையை ஜெயித்தது. 1888-ல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காக ஆரம்பித்த போட்டி அது. ஓர் இந்திய அணி அதை ஜெயிக்கவே 1940 வரை ஆயிற்று. அந்த வருஷம் ஜெயித்தது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். அதே 1955-ல் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் தங்கராஜ் இந்தியாவுக்காக ஆடினார். 1956 டிசம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்தபோது அந்த அணியில் இருந்த அவருக்கு இருபத்தோரு வயது முடிய இன்னும் சில வாரம் பாக்கி. பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பெயர் கொண்ட ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் கன்டோன்மென்ட்டிலிருந்து. தங்கராஜோடு இந்திய அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், சிகந்தராபாத் பக்கத்தில் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். பெங்களூர் அல்சூருக்குப் பக்கத்தில் தமிழ் பேசுகிற கௌதமபுரத்தில் இன்றைக்கும் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. வெள்ளைக்காரன் பாளையம் போட்ட ஊர்களுக்குச் சிப்பாயாகவும் சமையல்காரராகவும் ரயில்வே கூலியாகவும் போன தமிழர்களின் பிள்ளைகள், மைதானத்தின் ஓரத்தில் நின்று பந்தைப் பொறுக்கிப் போட்டே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். மரக்காணத்தில் பாளையம் இல்லை, அதனால் மைதானமும் இல்லை. எங்களுக்கு வெலிங்டன் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

1958-ல் சென்டர் மறுபடியும் டுராண்டை ஜெயித்தது. அந்த வருஷம் டோக்கியோ ஆசிய விளையாட்டுக்குப் போன தங்கராஜை ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அறிவித்தார்கள். இருபத்திரண்டு வயது.

பேரனுக்கு நான் விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டது 1960. ஏனென்றால் அந்தக் கதை அவனுடைய இத்தாலியிலேயே நடக்கிறது. ரோம் ஒலிம்பிக் என்று பெயர்தான்; இந்தியா ரோமில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகஸ்ட் 26 அன்று லாகுய்லா என்ற மலையூரில் ஹங்கேரியோடு முதல் ஆட்டம். அந்த ஹங்கேரியில் பதினெட்டு வயது ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார். ஏழு வருஷம் கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். அவரும் கோரோச் என்பவரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். பலராம் ஒன்று திருப்பினார். 1-2. மூன்று நாள் கழித்துக் கிரோசெட்டோவில் பிரான்ஸ். பி.கே. பானர்ஜி போட்ட கோலில் இந்தியா முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் சமன் செய்தது. செப்டம்பர் 1 அன்று பெருவிடம் 1-3.

மூன்று ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கிய கீப்பரைப் பற்றி இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். எட்டு வருஷம் முன்னால், 1952 ஹெல்சின்கியில் யுகோஸ்லாவியா ஒரே ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பத்து கோல் போட்டது. குளிரில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. அங்கிருந்து ஹங்கேரியை இரண்டு கோலோடு நிறுத்திய இடத்துக்கு வந்ததில் ஹைதராபாத் கோச் சையத் அப்துல் ரஹீமுக்கு எவ்வளவு பங்கோ, பின்னால் நின்றவருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அதே ஒலிம்பிக்கில் இத்தாலியின் கோலில் நின்றவர் லூச்சியானோ அல்ஃபியேரி. தங்கராஜைவிடச் சில வாரங்களே இளையவர். அவருக்கு முன்னால் ஆடியவர்களில் பதினேழு வயது ஜான்னி ரிவேரா இருந்தார், ஜோவான்னி த்ராபட்டோனி இருந்தார், தார்சீசியோ பூர்ஞிச் இருந்தார். காகிதத்தில் அமெச்சூர் அணி. ஆள் எல்லாம் பெரிய கிளப்புகளின் இளம் ஆட்டக்காரர்கள். நேப்பிள்ஸில் யுகோஸ்லாவியாவோடு அரையிறுதி 1-1 என்று முடிய, குலுக்கிப் போட்டுத்தான் இத்தாலியை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 1-2. நம்மவர்கள் ஹங்கேரியிடம் வாங்கிய அதே கணக்கு! ரிவேராவையும் த்ராபட்டோனியையும் உலகம் தெரிந்துகொண்டது. அல்ஃபியேரியை இத்தாலியிலேயே எத்தனை பேருக்கு இன்று ஞாபகம் இருக்குமோ. கிளப்பில் வளர்ந்தாலும் கீப்பர் பிழைப்பு அப்படித்தான்.

1960-61 சந்தோஷ் டிராபியைப் பட்டாளத்தின் சர்வீசஸ் அணி ஜெயித்தது, கேப்டன் தங்கராஜ். அந்த 1960-லேயே கல்கத்தாவும் அவரை இழுத்துக்கொண்டது. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடினார். கல்கத்தாவில் அந்த மூன்றுக்கும் ஆடி மூன்று ரசிகர் கூட்டத்திடமும் வசவு வாங்காமல் தப்பிப்பது பெரிய காரியம் என்பார்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றி இப்போது சினிமாவே வந்துவிட்டது. 2024-ல் வந்த ‘மைதான்’ பார்த்துவிட்டுப் பேரன் முதல் தடவையாக என்னிடம் மரியாதையாகப் பேசினான். செப்டம்பர் 4, தென்கொரியாவோடு இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியதால், ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்ததால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோலில் நின்றிருந்தார், நன்றாகவும் நின்றிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜை எழுப்பிக் கூட்டிவந்தார். தலையில் தையலோடு ஜர்னைல் சிங் ஒரு கோல், பி.கே. ஒரு கோல். 2-1. இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசித் தங்கம் அதுதான். எல்லாரும் தங்கராஜைக் கொண்டாடுகிறோம். பர்மன் அந்த ராத்திரி என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். நானும் பட்டாலியன் டீமில் இரண்டாவது கீப்பராகத்தான் அதிக நாள் இருந்தேன்.

1967-ல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது, முப்பத்தொரு வயதில். எழுபதுகளின் தொடக்கம் வரைக்கும் ஆடினார். 2008 நவம்பரில் பொகாரோ உருக்கு நகரத்தில் காலமானார். பிறந்தது ஹைதராபாத், கீப்பர் ஆனது நீலகிரி, பேர் வாங்கியது கல்கத்தா, முடிந்தது ஜார்க்கண்ட். சம்பளம் கொடுக்கிற இடத்தைத் தேடிப் போன வாழ்க்கைகளின் வரைபடம் இப்படித்தான் இருக்கும்.

பட்டாளம் கொடுத்த அதே வசதியைச் சென்னையில் வேறு ஆட்கள் கொடுத்தார்கள். ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத் துறை, வருமான வரி அலுவலகம். சென்னை லீக் என்பதே ஆபீஸ்களின் லீக். காலையில் ஃபைல், சாயங்காலம் மைதானம். 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோதுகூட நம் மாநிலத்திலிருந்து போனது ஒரு வங்கி அணி. ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. முழங்கால் போனாலும் பென்ஷன் வரும் என்ற தைரியத்தில்தான் ஒரு கீப்பர் ஃபார்வர்டின் காலில் போய் விழுகிறான். நம் கடற்கரையிலேயே கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் சாலையில் நின்று டூட்டி பார்த்தார். அவர் நடுக்களம், கீப்பர் இல்லை. ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

இப்போது அந்த ஆபீஸ் ஆளெடுப்பு சுருங்கிப்போயிற்று. பட்டாளத்திலோ 2022-லிருந்து அக்னிபத். பதினேழரை வயதுக்கு மேல் சேரலாம். நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கையில் ஒரு தொகையோடு அனுப்பிவிடுவார்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்று பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கீப்பர் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். 1953-ல் சேர்ந்த தங்கராஜுக்கு நான்கு வருஷம் என்றால் 1957-ல் வெளியே. மெல்போர்ன் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. இரண்டாவது டுராண்டும், ஆசியாவின் சிறந்த கீப்பரும், சர்வீசஸ் கேப்டனும் அதற்கப்புறம் வந்தவை. ஒலிம்பிக் ஆடியவரை அந்தக் கால் பங்கில் ஒருவராக வைத்திருப்பார்கள் என்று எங்கள் பழைய சுபேதார் ஒருவர் வாதாடினார். சரிதான். என் கவலை, அதே வருஷம் சேர்ந்து, இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றி.

விளையாட்டுக்காரர்களை நேராக ஹவில்தாராகவும் நாயிப் சுபேதாராகவும் எடுக்கிற வழி பட்டாளத்தில் இருக்கிறது. அதற்குப் போகும்போதே கையில் பதக்கமோ சான்றிதழோ இருக்க வேண்டும். 1953-ல் சென்டர் ஃபார்வர்டாக வந்த பையனிடம் கீப்பர் என்று காட்ட ஒரு காகிதமும் இருந்திருக்காது.